சும்மா விட்டாலும் நடக்கிறவன்

"அக்கா, தொடாமல் வைச்சாலும்
இவன் நடக்கிறான்."
மேசையில் வைத்தான் யூட் அமலதாஸ், பாசையூர்.
கறுப்புக் கன்ட்ரோலர்.
பொத்தான் இடுக்கில் ஒரு மீன்செதில்,
நகத்துண்டு மாதிரிக் காய்ந்து.

கஸ்தூரியார் வீதியில் பதினொரு மணி வெயில்.
வயரைச் சொருகினேன்.
நடுவில் நிற்கவேண்டிய புள்ளி
இடப்பக்கம் சரிந்து
நடுங்கிக்கொண்டு நின்றது.
"எவ்வளவு நாளா?"
"சோளகம் தொடங்கேக்கை."
இப்போது வாடை.

முதல் வேலை, அவிழ்க்காமல் இருப்பது.
குச்சியை வட்டமாய்ச் சுற்றி, விட்டு,
இன்னொருக்கால் சுற்றி
அளவு திருத்தினேன்.
புள்ளி நடுவுக்கு வந்தது,
ஒரு மூச்சு விடுமட்டும்.
பிறகு போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் ஸ்குரூ.
ஒன்று துருவேறித் தலை வழுக்கியது;
றபர்பாண்ட் வைத்து அழுத்தித் திருப்பினேன்.
உள்ளே உப்பு.
தூசியென்றால் ஊதலாம்.
உப்புக்கு அல்ககோலும் பஞ்சும் பொறுமையும்.
துடைத்த பிறகு தெரிந்தது:
கரித்தடத்தில் உலோக நாக்கு
ஒரே இடத்தில் உரசி உரசி
ஒரு ஒழுங்கையே போட்டிருந்தது.
தேய்ந்தது தேய்ந்ததுதான்.

புதுக் குச்சி ஆயிரத்து இருநூறு.
பதினான்கு கால்களில் ஈயம் இளக்கி
பழையதை விடுவிக்கவேண்டும்.
ஒன்பதாவதில் கரண்ட் போனது.
உருகினது உறையும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வந்து வாங்கிப்போனான்.
புள்ளி, ஆணி அடித்த மாதிரி.

அடுத்தநாள் கடை திறக்கமுன் வாசலில் நிற்கிறான்.
"இப்ப வலப்பக்கம் ஓடுறான் அக்கா.
கோர்னர் கொடியோடை போய் முட்டுறான்."
சோதித்தேன். அசையவில்லை.
அவன் கையில் கொடுத்தேன்.
பெருவிரல் பட்டதும் சரிந்தது.

ஆறு மாதம் அந்த இழுவைக்கு எதிராக
வலப்பக்கம் ஊன்றியே விளையாடியிருக்கிறான்.
சொன்னேன்.
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
ஆரோ இரவல் தந்ததைப் போல.
"கடலிலையும் அப்பிடித்தான்.
நீரோட்டம் இழுத்தா
எஞ்சின் பிடியை மற்றப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைச்சிருப்பம்.
வைச்சிருக்கிறதே தெரியாது."

விரலைத் திறக்க ஸ்குரூ இல்லை.
செற்றிங்கில் போய்
நடுவைச் சுற்றியுள்ள செவிட்டு வட்டத்தைக்
கொஞ்சம் அகலமாக்கினேன்.
அதற்குள் விரல் என்ன சொன்னாலும்
ஆட்டக்காரனுக்குக் கேட்காது.
"பத்து நாள் விளையாடு. பிறகு கொண்டா, குறைச்சுவிடுறன்."
"காசு?"
"நேற்றைய காசே இன்னும் தரேல்லை."
சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

இரவு ஏழரை. ஷட்டரை இழுத்துப் பூட்டி
ஸ்கூட்டியில் முட்டாசுக்கடைச் சந்தி தாண்ட
ஆளில்லாத வீதியில்
கைப்பிடியைச் சும்மா தளர்த்திப் பார்த்தேன்.
அது இடப்பக்கம் போனது,
மதிலை நோக்கி,
தன்ரபாட்டுக்கு.

எவ்வளவு நாளா?