மண்ணுக்கு இன்னா கொழுப்பு

பெருங்குடி எடைமேடையில்
ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்த டில்லிபாபு
"இத்தினியூண்டு சேத்துக்கா
கிண்டிலேர்ந்து வந்தே?" என்றார்.
கொழுப்பு எடுக்கிறோம் என்றேன்.
"மண்ணுக்கு இன்னாம்மா கொழுப்பு?
கொழுப்பெல்லாம் எங்க சூப்பர்வைசருக்கு."

ஷேர் ஆட்டோவில் மடிமேல் பத்துப் பைகள்.
குப்பைமேட்டின் காலடியில் ஐந்து,
சதுப்பில் கோரை வேரடியில் ஐந்து.
பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்தி
மீன் என்று நினைத்துக்கொண்டாள்.
விலை கேட்கவில்லை.

உறையவைத்து உலர்த்திய மண்ணில்
குளோரோஃபார்மும் மெத்தனாலும் ஊற்றிக் குலுக்கி
ஓர் இரவு இருட்டில் வைப்போம்.
விடிந்தால் இரண்டு படலம்.
மேலே தண்ணீர், தன் உப்புகளோடு.
கீழே
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேர்
உடம்பைச் சுற்றி உடுத்தியிருந்தது.

செத்ததன் சவ்வு மண்ணில் நெடுநாள் நிற்காது,
மற்றவை பிய்த்துத் தின்றுவிடும்.
அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்:
திரையில் எழும் சிகரம் ஒவ்வொன்றும்
அநேகமாய்
நான் தோண்டும்வரை உயிரோடிருந்தது.
பெயர் சொல்லாது. கூட்டத்தை மட்டும் சொல்லும்.
பதினெட்டில் இரண்டு இரட்டைப் பிணைப்பு என்றால் பூஞ்சை.
கிளைத்த பதினைந்து, தடித்த சுவர்க்காரர்கள்.
முதல் மழைக்கு வாசம் பூசுகிறவர்கள்
பத்தாம் கார்பனில் ஒரு மெத்தில் செருகியிருப்பார்கள்.

பட்டினி கிடப்பவை
இரட்டைப் பிணைப்பை மூடி
சின்ன முக்கோணமாய் மடித்துக்கொள்ளும்.
கோரை வேரடியில் முக்கோணம் குறைவு.
குப்பைமேட்டில்தான் அதிகம்,
தின்ன அவ்வளவு கொட்டிக் கிடந்தும்.

இதை எழுதலாம் என்று உட்கார்ந்த வெள்ளிக்கிழமை
வெற்று மாதிரியில்,
மண்ணே போடாத குப்பியில்,
பன்னிரண்டு கார்பனில் ஒரு சிகரம்.
எல்.ஐ.சி. கட்டடம் மாதிரி தனியாக.

நஸ்ரின் திரையைப் பார்த்தாள்.
என் பின்னலைப் பார்த்தாள்.
"தேங்காய் எண்ணெய்," என்றாள்.

காலையில் தலைக்கு வைத்தது.
கையுறை மாட்டுமுன் ஒருமுறை,
ஒரே ஒருமுறை, குப்பிகளின் விளிம்பை
நேராக்கி வைத்திருப்பேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
மாசு. மூலம், ஆய்வாளர்.
பத்தும் மறுபடி. மீதி மண் போதாது.

திங்கள் காலை பெருங்குடி.
டில்லிபாபு கேட்பார்,
"கொழுப்பு கெடைச்சுதா?"
கிடைத்தது என்பேன்.
யாருடையது என்று
சொல்லமாட்டேன்.