ஒரு சுற்று குறைச்சல்

கடிகாரத் தொழிற்சாலையில்
முள் பொருத்தும் பிரிவிலிருந்து
கை நடுங்காத மூன்று பேர் வேண்டுமென்று
கிளப்காரர்கள் கேட்டிருந்தார்கள்.
அப்படித்தான் ஜாலஹள்ளியிலிருந்து
அந்த ஞாயிற்றுக்கிழமை
ராணுவத்தின் பழைய ஓடுதளத்துக்குப் போனேன்,
டிபன் டப்பாவும் இரண்டு பென்சிலுமாக.
ஒன்றை ஹில்டா கடன் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஐந்து வண்டிகள்.
ஓட்டத்தைப் பார்க்காதே,
எண்ணைப் பார், கோடு போடு, என்றார் மேஜர்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

மூன்றாம் எண்
காப்பித் தோட்டத்துப் பொன்னப்பாவுடையது.
சீமையிலிருந்து கப்பலில் வந்தது.
பச்சை மிளகாய் மாதிரி மெலிசு.
அதற்குக் குடை பிடிக்கவே ஓர் ஆள்.

பதினேழு, லிங்கராஜபுரத்தில் பிறந்தது,
தேவநேசனின் தகரக் கொட்டகையில்.
ஏலத்தில் எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில்களின் குழாய்,
விமானத் தொழிற்சாலைக் கழிவிலிருந்து அலுமினியத் தகடு,
எங்கோ கவிழ்ந்த ஹெரால்டு ஒன்றின் எஞ்சின்.
இருக்கை, மூடிப்போன தியேட்டரின் பால்கனி வகுப்பு.
நாலு சக்கரமும் சட்டையில்லாமல்
வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.
மூக்கு மட்டும் அநியாய நீளம்.
'மூக்கன்' என்று தமிழில் எழுதியிருந்தார்கள் அதன்மேல்.
ஓட்டியவன் ரெஜி டிக்ரூஸ், ரயில்வே ஃபயர்மேன்,
கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி.

கொடி விழுந்தது.
சின்ன வயதில் என் வயிற்றைக் கழுவிய ஆமணக்கெண்ணெய்
எஞ்சினில் எரிந்தால் இப்படி மணக்கும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
பல், தொண்டை, நாற்காலிக் கால்,
எல்லாம் ஒரே அதிர்வு.
வைக்கோல் கட்டுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் நடுவே
மூக்கன் பின்பக்கத்தை வீசித் திரும்பும்போது
ரெஜியின் முழங்கை வெளியே வரும்,
முன்சக்கரம் எதிர்த்திசை பார்க்கும்.
பார்க்காதே என்றாரே.
பார்த்தேன்.

பதினோராம் சுற்றா பன்னிரண்டா,
பென்சில் முனை உடைந்தது.
பல்லால் மரத்தைக் கடித்து
ஈயத்தை வெளியே எடுப்பதற்குள்
புழுதிக்குள் இரண்டு சத்தம் ஒன்றாய்ப் போனது.
இரண்டு சத்தத்துக்கு ஒரு கோடு போட்டேன்.
அது மூன்றாம் எண்ணுக்குப் போனது.

பச்சை வண்டி வென்றதாக ஒலிபெருக்கி சொன்னது.
பொன்னப்பாவே ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்,
வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல.

தேவநேசன் வந்தார். கத்தவில்லை.
ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் கவிழ்த்தார்.
சுற்றுக்கு ஒரு நட்டு,
ரெஜியின் தங்கை போட்டவை.
கிரீஸ் விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார்.
இருபது.
என் தாளில் பத்தொன்பது.

'ஆட்சேபம்னா அம்பது ரூபாய் கட்டி எழுதிக் கொடுக்கணும்.'

'லாரிக்காரனுக்கே அறுபது தரணும், சார்.'

மேஜர் தாளை மடித்தார்.
மேசை ஆடியதில் ஒரு நட்டு
உருண்டு என் காலடியில் விழுந்தது.
நான் செருப்பை அதன்மேல் வைத்தேன்.
மீதியை அள்ளிப் பாட்டிலில் போட்டு
மூடியைத் திருகிக்கொண்டு,
'வர்றேம்மா,' என்றார் என்னிடம்.

அன்றிரவு கொட்டகை விளக்கில்
மறுபடி எண்ணியிருப்பார்.
எண்ணாமல் தூங்குகிற ஆளில்லை.
பத்தொன்பது வந்திருக்கும்.
நான் எழுதியதே சரி என்று நம்பியிருப்பார்.
அந்தத் தங்கையை என்ன சொன்னார்களோ.

மறுவருஷம் மூக்கன் வரவில்லை.
எஞ்சினைப் பால் வண்டிக்கு விற்றதாகக் கேள்வி.
நட்டு என் தையல் பெட்டியில்
பொத்தான்களோடு கிடக்கிறது.
லிங்கராஜபுரம் பஸ்ஸில்
இரண்டு முறை எடுத்துப் போனேன்.
ஒருமுறை கொட்டகை பூட்டியிருந்தது.
இன்னொரு முறை
திறந்திருந்தது.