நிறம் மாறாவிட்டால் நல்லது

இரப்புவாட்டோ, இரவு ஷிப்ட்.
வெந்நீர்த் தொட்டியிலிருந்து இப்போதுதான் ஏறிவந்த
புரோக்கோலித் துண்டொன்றை நறுக்கிச்
சோதனைக் குழாயில் போடுகிறேன்.
இதில் இரண்டு சொட்டு, அதில் இரண்டு சொட்டு.
பழுப்பேறினால்
உள்ளே நொதி இன்னும் உயிரோடிருக்கிறது;
பனிக்கட்டிக்குள்ளும் மெல்ல மெல்லப்
பச்சையை அரித்துவிடும்.
நிறம் மாறாவிட்டால் நல்லது.
செத்துவிட்டது என்பதை
'தேர்ச்சி' என்று எழுதிக்
கையொப்பம் இடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எலெயூத்தேரியோ வயலில் அறுப்பவன்.
நான் வீடு திரும்பும்போது
அவன் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பான்.
"நான் உயிரோடு அனுப்புவதை
நீ பிணமாக்கிப் பையில் போடுகிறாய்" என்பான்.
பத்து வருடமாக அதே வாக்கியம்.
சில நாள் முத்தத்தோடு,
சில நாள் வெறுமனே.

ஓரம் சரியாக ஒட்டாத பைகளை
எங்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள்.
இந்த முறை அது நாத்தனார் க்ளோத்தில்தேவுக்கு.
மூன்றாம் மாதம்; ஃபோலேட் மாத்திரையோடு
பச்சைக் காய்களும் சாப்பிடச் சொன்னாளாம் நர்ஸ்.
பையை ஆட்டிப் பார்த்தாள், கூழாங்கல் சத்தம்.
"வெந்து, உறைந்து, திரும்பவும் வெந்தபின்
இதில் என்னதான் மிச்சம் இருக்கும், சொல்."

பேருந்து கவிழ்ந்த இடத்தில்
பிழைத்தவர் பெயரைப் படிப்பதுபோலச் சொன்னேன்:
நார், அப்படியே.
சுண்ணாம்புச்சத்து, பெரிய காயமில்லை.
வைட்டமின் கே பிடிவாதக்காரி,
எண்ணெய்க்குத்தான் இளகுவாள், தண்ணீருக்கு மசியமாட்டாள்.
வைட்டமின் சி ஒரு ஓடுகாலி.
எங்கள் தொட்டியில் கொஞ்சம் கரைந்தது,
உன் பானையில் இன்னும் கொஞ்சம் கரையும்.
ஃபோலேட் அவன் கூட்டாளி.
ஆகையால் மூழ்க வைக்காதே,
அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், மேலே மூடி.
மிஞ்சிய நீரைக் கொட்டினால்
பாதிச் சொத்தைக் கழிவுத்தொட்டிக்கு எழுதிவைத்தவளாவாய்.
சந்தையில் நாலு நாளாக
நுனி மஞ்சளித்துக் கிடக்கிறதே, 'புதுசு',
அதனிடமும் போய்க் கேள்,
வழியில் எவ்வளவு தொலைத்தாய் என்று.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
நான் தினமும் சாகடிக்கிற கூட்டத்தில்
இன்னொரு நொதியும் உண்டு.
மெல்லும்போது விழித்து
ஒரு காரத்தை உடைத்தெடுத்துத் தருவது.
அந்தக் காரம் உடம்புக்குக் காவல் என்று
ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்,
இன்னும் முடிவாகச் சொல்லவில்லை.
எஞ்சினியர் பல்தொமேரோ ஒருநாள்
காபி ஆறும்வரை விளக்கினார்:
"கடுகுக்குள்ளும் அதே வேலைக்காரன் இருக்கிறான்.
பச்சைக் கடுகைப் பொடித்து, வெந்தபிறகு தூவு.
செத்தவனின் வேலையை அவன் பார்ப்பான்."

க்ளோத்தில்தேவின் அலமாரியில்
சாண்ட்விச்சுக்கான மஞ்சள் புட்டி மட்டும்.
விதைக்கடையில் ஒரு பொட்டலம் வாங்கி
எரிமலைக்கல் உரலில் நானே இடித்தேன்.
அத்தனை சிறுசு, அத்தனை கோபம்,
கண்ணில் நீர் வந்தது.
அவள் ஒரு தட்டு முழுக்கத் தின்றாள்.
எலெயூத்தேரியோ வாசலில் நின்றபடி
ஒரு பூவை எடுத்து வாயில் போட்டான்.
உப்பு பத்தவில்லை என்றான்.
பிறகு பானையைச் சாய்த்து
அடியிலிருந்த பச்சை நீரை,
யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்,
குடித்தான்.

இன்றிரவு இரண்டாம் குழாய்
மெலிதாகப் பழுப்பேறியது.
டீக்கறை அளவுதான்.
விட்டால் ஆறு மாதத்தில் வைக்கோல் வாசம் வரும்.
பிடித்தால், இனி வருபவை எல்லாம்
முப்பது வினாடி கூடுதலாக வேகும்.
முப்பது வினாடியில் எத்தனை பேர் ஓடுவார்கள்
என்று எனக்குத் தெரியும்.
வடக்கே எங்கோ ஒரு க்ளோத்தில்தே
பையின் பின்பக்க எண்களை
விரலால் தொட்டுப் படிப்பாள்,
அதில் இந்த அரை நிமிடம் இருக்காது.

தொலைபேசியை எடுத்தேன்.
"முப்பது கூட்டுங்கள்" என்றேன்.

வெளியே, ஆலையின் பின்சுவரோரம்
தொட்டி வழிந்த வெந்நீர் போகிற வாய்க்கால்.
வேறெங்கும் மண் வெடித்துக் கிடக்கிறது.
அங்கே மட்டும்
களைகள் இடுப்பளவு.