நடுவில் இல்லாதது

தேம்ஸ் வளைகிற இடத்தில், கிரீனிச்சில்,
கரையை ஒட்டி இரண்டு பாதிகள்.
இரண்டு குவிமாடங்கள்:
ஒன்றில் மணி தெரியும்,
இன்னொன்றில் காற்றின் திசை தெரியும்.
நடுவில் ஒன்றும் இல்லை.

ஓபதையா ட்ரெவினுக்கு இன்று மஞ்சள் கோட்டு.
முந்தாநாள் ஜின் ஏற்றிக்கொண்டு
தேவாலய வாசலில் கெட்ட பாட்டுப் பாடியதற்கு.
மற்ற கிழட்டு மாலுமிகள் எல்லாரும் நீலம்.
இவன் மட்டும் கூண்டுக்குத் தப்பிய குருவிபோல
முற்றத்தைப் பெருக்குகிறான்.
காலுக்குச் சத்தமில்லை,
கட்டைக்கு மட்டும்
டொக்.
கொஞ்சம் பொறுத்து
டொக்.

ஞாயிற்றுக்கிழமை. லண்டனிலிருந்து படகில் வந்த சீமாட்டி
விசிறியை நீட்டுகிறாள்: "யார் அது, மஞ்சளில்?"
"குடிகாரன், அம்மணி" என்கிறான் அவனே,
தொப்பியைக் கழற்றி.

அவள் மகன் கேட்கிறான்:
"நடுவில் ஏன் கட்டவில்லை? காசு தீர்ந்துவிட்டதா?"

ட்ரெவின் துடைப்பத்தைத் தோளில் சாய்க்கிறான்.
"பின்னால் பார், சின்னதாக ஒரு வெள்ளை மாளிகை.
அதன் சன்னலிலிருந்து ஆறு தெரிந்தாக வேண்டும்
என்றாளாம் ராணி.
நடுவில் பெரிய மண்டபம் வரைந்திருந்தார்களாம்.
அறுத்துவிட்டார்கள், தம்பி.
என் காலை அறுத்த மாதிரி.
எனக்காவது ஒரு மிடறு ரம் கொடுத்தார்கள்."

பையன் சிரிக்கவில்லை.
"இப்போதும் வலிக்குமா?"

"மழைக்கு முன்னால்.
இருக்கிற காலில் இல்லை."

சீமாட்டி அவசரப்படுத்துகிறாள்,
ஓவிய மண்டபத்தில் கூட்டம் சேர்வதற்குள் போக வேண்டும்.
அங்கே கூரை முழுக்கத் தேவர்கள், அரசர்கள், எக்காளம்.
அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கும்.
குளிர்காலம் என்று தாடியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு
முகம் கொடுத்தது இந்த இடத்துக் கிழவன் ஒருவன்தான்,
வாயைத் திறந்தால் சாக்கடை.
அவன் மேகத்தில்.
நாங்கள் அதற்கு நேர் கீழே, நிலவறையில்,
ஆட்டுக்கறியும் கூழ்போன்ற பட்டாணியும்.
இதை ட்ரெவின் சொல்லவில்லை.
காசுக்குக் கையை மட்டும் நீட்டினான்.

பிறகு கிழவர்கள் தீர்ந்தார்கள்.
கட்டில்களைக் கழற்றினார்கள்.
மீசை முளைக்கும் வயதில் அதிகாரிகள் வந்து
கரும்பலகையில் அலையை வகுத்தார்கள், பெருக்கினார்கள்,
மேகங்களுக்குக் கீழே வெள்ளிக் கரண்டியால் சூப் குடித்தார்கள்.
ஒரு காலத்தில் இந்தத் தூண்களுக்குப் பின்னால்
சின்ன அணு உலைகூட ஓடியது.
அக்கம்பக்கத்தார் அப்போதும்
கரையில் நாயை நடத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.
அதுவும் போயிற்று. கப்பற்படையும் போயிற்று.

இன்று மூன்றாவது சன்னலில் யாரோ
டிராம்போனில் ஒரே வரியைத் தப்பாக வாசிக்கிறார்கள்,
நிறுத்துகிறார்கள்,
அதே இடத்தில் தப்புகிறார்கள்.

சாரத்தின் மேல் ஃபோலாகே,
முகமூடி, மெல்லிய தூரிகை.
தூணின் இடுப்பில் கரியைத் துடைக்கத் துடைக்க
போர்ட்லாண்ட் கல்லுக்குள்ளிருந்து ஒரு சிப்பி
காது மாதிரி வெளியே வருகிறது.
கடற்படைக்கும் முந்தைய கடல்.
"ஹலோ" என்கிறாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

கீழே இறங்கித் தூசியைக் கூட்டிக் குவிக்கிறாள்.
ஆற்றில் ஒரு மணல் படகு
இந்தக் குவிமாடத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பி
திறந்த இடத்தை மெல்லக் கடந்து
அந்தக் குவிமாடத்துக்குள் நுழைகிறது.
அந்தப் பக்கத்திலிருந்து, அந்த நடுவிலிருந்து,
வடகாற்று.

குவித்ததெல்லாம் முற்றம் முழுக்க.

ஃபோலாகே ஒரு வார்த்தை சொல்கிறாள்.
தேவாலய வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை.
மறுபடி துடைப்பத்தை எடுக்கிறாள்.
அவள் மேலங்கி, பாதுகாப்புக்காக,
பளிச்சென்ற மஞ்சள்.