மாலை ஏழு வரை

தேடுபொறியின் வலப்பக்கப் பெட்டியில்
முகம் என்னுடையது.
போன கோடையில் மருத்துவமனை வாசலில்
பிரிஸ்ஸா எடுத்த படம்.
தோளில் ஒட்டிய பூனை ரோமம்கூடத் தெரிகிறது.
கீழே:
நெலிதா அரோஸ்பிதே, பைசந்தூ, உருகுவே.
பிறப்பு 1921. இறப்பு 1987.
சதுரங்க வீராங்கனை.
இன்று திறந்திருக்கும், மாலை ஏழு வரை.

ஒரே பெயர், ஒரே ஊர்.
யாரோ ஏற்றிவைத்த பழைய போட்டிப் பட்டியலையும்
கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டையும்
நான் கொடுத்த தடுப்பூசி விளம்பரத்தையும் கோத்து
ஒரு பெண்ணைச் செய்திருக்கிறது.
தையலே தெரியவில்லை.
நாய் வயிற்றைத் தைக்கையில்
எனக்கு இத்தனை சுத்தமாக வருவதில்லை.

"செத்த பிறகும் அதே கட்டணம்தானா டாக்டர்?"
என்றான் பால்பண்ணை லிசார்தோ.
'இது தவறு' பொத்தானை அழுத்தினேன்.
நன்றி என்றது.
மறுநாளும் இறந்தே இருந்தேன்,
நாலரை நட்சத்திரத்தோடு.

ஒரு வியாழன், ஏழாக எட்டு நிமிடம்.
கிளிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.
தொலைபேசியில் முதிய குரல், சால்ட்டோவிலிருந்து.

"இறந்த தேதியையும் பார்த்தேன்.
ஆனால் திறந்திருக்கும் என்றும் போட்டிருந்ததே.
அறுபத்திரண்டில் நம் ஆட்டம் பாதியில் நின்றது.
அடுத்த நகர்வை எழுதி உறையில் ஒட்டினீர்கள்.
இரவு ஆற்றில் வெள்ளம். மண்டபத்தைக் காலி செய்தார்கள்.
உறையை யாரும் பிரிக்கவில்லை.
என்ன எழுதினீர்கள்?"

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
கிளி கத்தியது.
"காய்கள் எங்கெங்கே இருந்தன?" என்று
கேட்டுவிட்டேன்.

அவர் சொல்லச் சொல்ல
எஃகு மேசையில் குப்பிகளை வைத்தேன்.
பென்சிலின் ராஜா.
குடற்புழு மருந்துகள் சிப்பாய்கள்.
குதிரைக்கு, குதிரைக்குப் போடும் மருந்தே அமைந்தது.
அயோடின் பாட்டில் யானை.
எனக்கு ஆடத் தெரியாது.
இரு முனையிலும் மூச்சு மட்டும்.
ஏழு அடித்தது. வாசல் பலகையைத் திருப்பவில்லை.

"நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்றேன்.
"யானை" என்றார், யோசிக்காமல்.
"யானை என்றால் நான் தோற்றேன்.
அறுபது வருடமாக
அதில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்."

அயோடினை இரண்டு கட்டம் தள்ளினேன்.
"யானைதான்."
அவர் சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.

மார்ச்சில் பெட்டி திருந்தியது.
எனக்கொன்று, அவளுக்கொன்று.
அவளுடையதில் படமில்லை, எண்ணில்லை,
திறக்கும் நேரமில்லை.

குப்பிகளை அப்படியே விட்டிருந்தேன்.
நேற்று ஒரு கன்றுக்குக் காய்ச்சல்.
ராஜாவின் மூடியைத் திறந்து
ஊசியில் ஏற்றினேன்.