இருபது தெத்ரி

சபூர்த்தாலோவில் அந்தக் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
சிக்னேயிடம் அட்டைகள் மட்டும் இருந்தன.
நெஸ்தான் கோட்டுப் பையைத் துழாவி
இருபது தெத்ரி போட்டாள், எல்லோருக்குமாக.
இருவரும் முதன்முதலில் சந்தித்தது அப்படி.
நன்றி என்றாள் சிக்னே, நார்வே மொழியில்.
அது முகத்திலேயே இருந்தது.
ஆனாலும் மொழிபெயர்த்தேன்.
எனக்கு மணிக்கணக்கில் கூலி.

பெர்கனில் மீன் ஆலையொன்றில் ஆறு வருடம் நின்றவள் நான்.
முட்டை, உறையவைத்தல், தரம் பிரித்தல்,
உயிரோடிருப்பவை எத்தனை சதம்:
டாக்டர் பேசிய சொற்களெல்லாம்
அங்கேயே பழகியவை.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒப்பந்தம் பதினோரு பக்கம்.
சுமப்பவர் என்று ஒரு சொல்,
உரியவர் என்று ஒரு சொல்.
அம்மா என்ற சொல்லை மட்டும் வக்கீல்
ஈரத் தரையில் கால் படாமல் நடப்பவர்போல
கடைசிப் பக்கம்வரை தாண்டிப் போயிருந்தார்.
முடிக்குச் சாயம் கூடாது. விமானம் கூடாது.
"ரொட்டி அடுப்பு?" என்றாள் நெஸ்தான்.
ருஸ்தாவியில் அவள் வேலை அது.
தீக்குழிக்குள் இடுப்புவரை குனிந்து
சுவரில் மாவை அறைய வேண்டும்.
அதற்கு ஷரத்து இல்லை.
பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள்,
ஓரத்தில் மூன்று கையெழுத்தோடு.

இதற்குமுன் நான்கு, என்றாள் சிக்னே.
எவை நான்கு என்று சொல்லவில்லை.
நானும் எண்ணை மட்டும் கொடுத்தேன்.
நெஸ்தான் கொஞ்ச நேரம் அவள் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பிறகு அங்கே தொட்டாள்.

எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.
தேதா என்றால்தான் அம்மா.
இருபத்துநான்காம் வாரம் வந்த சிக்னே
வயிற்றருகே குனிந்து
"மம்மா வந்திருக்கிறேன்" என்று தன் மொழியில் சொன்னபோது
நெஸ்தான் காதில் விழுந்தது
அப்பா வந்திருக்கிறார் என்று.
சிரித்தாள். வயிறு குலுங்கியது.
ஐவிந்த் பதறி எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.
நான் விளக்கி முடித்ததும்
அவர்களும் சிரித்தார்கள், சற்றுத் தாமதமாக,
மொழிபெயர்ப்பில் எல்லாமே வருவதுபோல.
உள்ளே இருந்தவள் உதைத்தாள்.
யார் சொன்னதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கழுவுமிடத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள்:
வயிற்றில் யார் என்று வாஜா கேட்டானாம்,
அவள் மகன், ஏழு வயது.
விருந்தாளி என்றாளாம்.
நம் வீட்டில் விருந்தாளிகள்
எப்போதிலிருந்து வாடகை தருகிறார்கள் என்றானாம்.
"அவர்களிடம் சொல்லிவிடாதே."
வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அந்த நிமிடங்களைக் கணக்கில் எழுதவில்லை.

மார்ச்சில், பனி சேறாகிக்கொண்டிருந்த ஒரு வியாழன்.
பெண். மூன்று கிலோ நூற்று நாற்பது.
சம்மதக் கடிதத்தை வரிவரியாய் வாசித்தேன்,
நெஸ்தானுக்கு ஒருமுறை, சட்டத்துக்கு ஒருமுறை.
பிறப்புப் பதிவில் இரண்டு பெயர்கள்.
அவளுடையது மருந்துச் சீட்டில்:
பால் நிறுத்தும் மாத்திரை,
அரை அரையாய் இரண்டு நாள்.
"நேற்று ராத்திரியே வந்துவிட்டது" என்றாள்
முன்பக்கத்தைக் கோட்டால் மூடியபடி.
என்ன சொல்கிறாள் என்று கேட்டாள் சிக்னே.
சொன்னேன்.
அதன்பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை.
இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
கூடையில் தூங்கியவளை.

கடைசிக் காகிதம் முடிந்து லிஃப்டுக்கு வந்தோம்.
இந்தமுறை சிக்னே ஒரு கைச் சில்லறையோடு தயாராயிருந்தாள்.
இறங்குவதற்குக் காசு வேண்டாம் என்று
நான் வாய் திறப்பதற்குள் போட்டுவிட்டாள்.
உள்ளே விழும் சத்தம் கேட்டது.
"அது திருப்பித் தராது" என்றாள் நெஸ்தான்.

மொழிபெயர்த்தேன்.
லிஃப்டைச் சொல்கிறாள் என்று
நானாக ஒரு வரி சேர்த்தேன்.