ஒளிமேசை

காட் மீனின் துண்டத்தை
இந்த மேசைமேல் விரித்தால்
கீழிருந்து வெளிச்சம் ஏறும்.
வெறுங்கண்ணுக்கு வெள்ளையாய் இருந்த சதைக்குள்
சுருண்டு கிடக்கும் புழு
அப்போதுதான் அகப்படும்.
இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு
அடுத்த துண்டம்.
ஐஸ்லாந்தின் இந்தக் கரையில்
ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று
யாரும் எண்ணுவதில்லை.

நான் ஸ்டெய்ன்வோர்.
காலை ஷிப்டுக்கு மேற்பார்வை.
யார் எப்போது வந்தார்கள், ஏன் பிந்தினார்கள் என்று
பத்துக் குளிர்காலமாய் ஏடு எழுதுகிறேன்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள்
அலுவலக விளக்கு செத்துப்போயிற்று.
உறைகிடங்கு பழுதான தேதியைக்
காப்பீட்டுக்காரனுக்கு உடனே சொல்லியாக வேண்டும்.
ஏட்டைக் கொண்டுவந்து
கழுவித் துடைத்த ஒளிமேசையில் வைத்தேன்.
(சுகாதார விதிப்படி தப்பு.
அதையும் எழுதிவைக்கிறேன்.)

தாளின் இந்தப் பக்கத்து எழுத்தும்
அந்தப் பக்கத்து எழுத்தும்
ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தெரிந்தன.

செவ்வாய்: தோர்லாகுர், இருபது நிமிடம். பனி.
புதன், கண்ணாடியில் போலத் திரும்பி:
கிராஜினா, இருபது நிமிடம். தாமதம்.

இரண்டு நாளும் அதே புயல்.
இருவர் வீடும் மலைக்கு அந்தப் பக்கம்.
பனி தள்ளும் வண்டி வந்தால்தான்
யாருக்கும் சாலை.

தேதியை மறந்து தாள் புரட்டினேன்.
அவனுக்குப் பனி,
பிள்ளைக்குக் காய்ச்சல்,
பேட்டரி உயிர்விட்டது, மறுபடி பனி.
அவளுக்கு எல்லாப் பக்கத்திலும்
ஒரே சொல்.
அவனிடம் ஏன் என்று கேட்டிருக்கிறேன்.
அவளிடம் கேட்கவில்லை.
கேட்கவில்லை என்பதே
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் போலந்துக்காரர்களை வெறுப்பவள் அல்ல.
கிறிஸ்துமஸுக்கு அவள் சுட்டுவந்த கசகசா ரொட்டியில்
இரண்டு துண்டு தின்றவள்.
இப்படித்தான் எனக்கு நானே
அந்த மேசையருகே நின்று
வாதாடிக்கொண்டிருந்தேன்.
வெளிச்சம் எதுவும் சொல்லவில்லை.
எரிந்துகொண்டிருந்தது.

போன வருஷம் வரிசைத் தலைமைக்கு ஆள் கேட்டார்கள்.
"கிராஜினா கெட்டிக்காரிதான், ஆனால்" என்றேன்.
அந்த 'ஆனால்' இந்த ஏட்டிலிருந்து வந்தது.
ஏடு என்னிடமிருந்து.
பதவி தோர்லாகுருக்குப் போனது.

மதிய இடைவேளையில்
கையுறை கழற்றிக்கொண்டிருந்தவளிடம் போய்
அந்தத் தாளைக் காட்டினேன்.
பார்க்கக்கூட இல்லை.
"தெரியும். இரண்டாம் வருஷமே படித்துவிட்டேன்."
"சொல்லியிருக்கலாமே."
"சொல்லியிருந்தால்
என்னைப் பற்றி அடுத்து என்ன எழுதியிருப்பாய்?"

எனக்குத் தெரியும் என்ன எழுதியிருப்பேன் என்று.
அந்தச் சொல்லும்
அழகான கையெழுத்தில்
தயாராக இருந்தது.

இலையுதிர்காலத்தில் இன்னொரு வரிசை தொடங்கியது.
பெயர்களை மறைத்து
எடை, விரயம், திரும்பி வந்த பெட்டிகள் மட்டும்
மேலாளரிடம் நீட்டினேன்.
எண்களைப் பார்த்து அவர் தொட்ட வரி அவளுடையது.
கிராஜினா எனக்கு நன்றி சொல்லவில்லை.
எதற்குச் சொல்ல வேண்டும்?

தராசுகளை ஒவ்வொரு காலையும்
பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறோம்.
நேற்று சரியாக இருந்தது என்று
எந்தத் தராசையும் நம்புவதில்லை.
எனக்கு அப்படியொரு பொத்தான் இல்லை.
நேரத்தை மட்டும் எழுதுகிறேன்.
காரணத்தை, யாராயிருந்தாலும்,
அவர்கள் வாயால் கேட்டு எழுதுகிறேன்.

நேற்று ரொடேலியோ, பிலிப்பைன்ஸ் பையன்,
சேர்ந்து மூன்று வாரம்,
எட்டு நிமிடம் பிந்தி வந்தான்.
அவன் பூட்ஸைத் தட்டிப் பனி உதிர்ப்பதற்குள்
என் பேனா 'த' எழுதிவிட்டது.
நிமிர்ந்தேன்.
"ஏன்?" என்றேன்.
"டயர்" என்றான்,
கரியாகிய இரண்டு கையையும் காட்டி.

டயர் என்று பக்கத்தில் எழுதினேன்.
அந்த ஒற்றை 'த'வை அடிக்கவில்லை.
அங்கேயே இருக்கிறது.